அத்துவிட்டால்தான் சேரும்

கவுண்டரில் புதிதாக உட்காரப் போகிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். எந்தத் திருகை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எந்த போனுக்கு எந்த ஆப் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள். நான் எழுதப் போவது என் வாயைப் பற்றி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கும் நம் சர்வீஸ் சென்டரில் இருபத்தாறு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷமும் எனக்குச் சோறு போட்டது இந்த வாய்தான். ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்ததும் இதே வாய்தான்.

என் குரல் பெரிய குரல். கீழே பஸ்காரர்கள் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டார்கள். அதையும் மீறி போனில் பேசிப் பேசித் தொண்டை அப்படியே பழகிவிட்டது. நான் டோக்கன் நம்பர் கூப்பிட்டால் கீழே பூ கட்டுகிறவர்கள்கூடத் தங்கள் சீட்டை எடுத்துப் பார்ப்பார்கள் என்று முதலாளி கேலி செய்வார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஸ்மார்ட் வாட்ச் வந்த புதிதில் எனக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்தது. வாட்ச் புது போனோடு சேராவிட்டால் முதலில் பழைய போனிலிருந்து அதைப் பிரிக்க வேண்டும். அதற்கு அன்பேர் என்று பெயர். மேலூரிலிருந்து பேசிய ஒரு பெரியவரிடம், "மொதல்ல அன்பேர் பண்ணுங்கய்யா" என்றேன். அவர் மனம் நொந்து, தான் எல்லோரிடமும் அன்பாகத்தான் இருப்பதாகச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் அவர் தன் நல்ல குணத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். பதிலுக்கு நான் பிடித்த வார்த்தை 'அத்துவிடுறது'. நம் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துவராமல் ஊரைக் கூட்டிப் பிரித்துவிடுவதற்கு அதுதானே பெயர். "பழைய போனோட அத்துவிட்டாத்தான் புதுசோட சேரும்" என்றால் யாருக்கும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. கடை முழுக்க அந்த வார்த்தை பரவியது. ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கார்த்தி என்ற தம்பி வந்தார். பரவை மார்க்கெட்டில் தாய்மாமனின் வெங்காய மண்டியில் வேலை. வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண் வீட்டார் நிச்சயத்தன்று ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொடுத்திருந்தார்கள். முகூர்த்தத்தன்றுதான் கட்ட வேண்டும் என்று இவருடைய அம்மா அதைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டார். இப்போது தாய்மாமன் ஒரு புது போனைச் சீராகக் கொடுக்க, இரண்டையும் சேர்த்துத் தயாராக வைப்போம் என்று பார்த்தால், சேரவில்லை. ஒரு நாள் வைத்துவிட்டுப் போங்கள் தம்பி, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பார்க்கப் புத்தம் புதுசு மாதிரி இருந்ததே தவிர, வாட்ச் ஏற்கெனவே வேறொரு போனோடு சேர்ந்திருந்தது. அது யாருடைய போன் என்று வாட்ச் காட்டவில்லை. இந்த வகை வாட்ச்சை அழித்துத் திரும்பப் போட்டாலும் பயனில்லை. முதலில் சேர்ந்த போனே விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. கார்த்தியின் போன் என்னிடமே இருந்ததால், அவருடைய அம்மா நம்பருக்குப் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன். கீழே ஒரு திண்டுக்கல் பஸ் ஹாரனை விடவில்லை. நானும் விடவில்லை.

"பரவை வெங்காய மண்டி கார்த்தி தம்பிதானே? வெள்ளிக்கிழம கல்யாணம் வச்சிருக்கீகளே, அந்தத் தம்பிதானே? இந்தா பாருங்க, இது ஏற்கெனவே ஒன்னோட ஜோடி சேந்திருக்கு. அத அத்துவிட்டாத்தான் புதுசோட சேரும். அத்துவிடாம வெள்ளிக்கிழம ஒன்னும் நடக்காது."

இதில் ஓர் எழுத்தும் தப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். வாட்ச் என்ற ஒரு சொல் மட்டும்தான் இல்லை. அது என் கையில் இருந்ததால் நான் சொல்லவில்லை.

கவுண்டருக்கு முன்னால், சார்ஜர் வாங்க வந்த ஓர் அம்மாள் நின்றிருந்தார். நான் போனை வைத்தபோது அவரைக் காணோம், சார்ஜர் மட்டும் மேஜையில் கிடந்தது. அவர் மணப்பெண்ணின் அத்தை, பெண்ணுடைய அப்பாவோடு கூடப் பிறந்தவர் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அவர் ஏறிய பஸ் பெண் வீடு இருக்கும் திருநகர் போய்ச் சேர்வதற்குள் என் இரண்டு வாக்கியம் நன்றாகச் சதை போட்டுவிட்டது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாம், அவளை அத்துவிட்டால்தான் நம் பிள்ளையோடு சேர்வாராம், மாட்டுத்தாவணியில் ஆபீசில் வைத்தே ஒரு பொம்பளை சொல்லிவிட்டாளாம்.

புதன்கிழமை காலை ஷட்டரைத் தூக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திருநகரிலிருந்து ஒரு வேனும் பரவையிலிருந்து வெங்காயத் தோல் பறக்க ஒரு குட்டியானை வண்டியும் வந்து நின்றன. மாடி ஏறி வந்தவர்களில் பெண் பக்கம் மூன்று பேர் முக்கியம்: பெண்ணின் அப்பா, அந்த அத்தை, பெண்ணின் அண்ணன் சரவணன். மாப்பிள்ளை பக்கம் கார்த்தியும் தாய்மாமனும். மற்றவர்கள் படியிலேயே நின்று சத்தம் மட்டும் கொடுத்தார்கள்.

போனில் சொன்னது வாட்ச்சைப் பற்றி என்று நான் விளக்கினேன். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்போதுதான் உண்மையான சண்டையே தொடங்கியது. வாட்ச் ஏற்கெனவே ஒரு போனோடு சேர்ந்திருக்கிறதா, அப்படியானால் மாப்பிள்ளையிடம் யாருக்கும் தெரியாத இரண்டாவது போன் ஒன்று இருக்கிறது, இரண்டாவது போன் எதற்கு வைத்திருப்பார்கள் என்று உலகத்துக்கே தெரியும் என்றார் அத்தை. தாய்மாமன் விடுவாரா? பெட்டியைப் பிரித்தவுடனே இப்படி என்றால், பெண் வீட்டார் யாரோ போட்டுக் கழித்த பழைய வாட்ச்சைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பெண்ணின் அப்பா அதுவரை பின்னால் நின்றிருந்தார். பழசு என்ற சொல்லைக் கேட்டதும் முன்னால் வந்தார். "ஒரு குண்டூசியக்கூட பழசா வாங்கலங்க. நான் நின்னு வாங்கினேன்" என்றார்.

டோக்கன் பதினாலுக்காக ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், யாரும் கேட்காமலேயே நாட்டாமை ஆகிவிட்டார். இரு தரப்பையும் நாற்காலியில் பிரித்து உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது என்று சட்டம் போட்டார். அந்தம்மா சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் போதும் என்றார். அந்தம்மா நான்தான். யாரோ கீழே ஓடிப்போய்ச் சூடம் வாங்கியே வந்துவிட்டார்கள். கழற்றிப் போட்ட பேட்டரி இத்தனை இருக்கும் இடத்தில் சூடம் ஏற்றினால் கல்யாணத்துக்கு யாருமே மிஞ்ச மாட்டோம் என்று முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் ஏற்றாத சூடத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அது செல்லுமா என்று ஐந்து நிமிஷம் விவாதம் நடந்தது.

அந்த விவாதத்தின் நடுவில்தான் கவுண்டரில் சார்ஜில் கிடந்த வாட்ச் நடுங்கியது. யாரோ கூப்பிடுகிறார்கள். எனக்கு முன்னால் அத்தை குனிந்து படித்துவிட்டார். திரையில் இருந்த பெயர், குட்டிப்பிசாசு.

"பாத்துக்கிட்டீகளா" என்றார் அத்தை. "எவளோ குட்டிப்பிசாசாம். பேரு வச்சிருக்காரு பேரு."

கார்த்தியைப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு எந்தப் பிசாசையும் தெரியாது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தாய்மாமனே அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். எல்லோரும் வாட்ச்சைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பார்த்தேன். சரவணனின் கை சட்டைப் பைக்குப் போய் எதையோ அமுக்கியது. அதே நொடியில் வாட்ச் நடுக்கம் நின்றது. பழைய ஜோடி பக்கத்தில் வந்தால் வாட்ச் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த போன் இந்தக் கடைக்குள்தான் இருக்கிறது, பெண்ணின் அண்ணன் பையில் இருக்கிறது.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவரை ரிப்பேர் அறைக்குள் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தியதும் அழ ஆரம்பித்துவிட்டார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. தங்கைக்காக மாதக்கணக்கில் ஓவர்டைம் பார்த்த காசில், அப்பாவோடு போய் வாங்கிய வாட்ச். வாங்கி வந்த அன்று கையில் கட்டிப் பார்த்தார், கழற்ற மனசு வரவில்லை. கம்பெனிக்குக் கட்டிப் போனார், எல்லோரும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பத்து நாள் கழித்துத் துடைத்து, பழையபடி பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டார். குட்டிப்பிசாசு வேறு யாருமில்லை, மணப்பெண். அண்ணன் தங்கைக்கு வைத்த பெயர்.

"சொல்லிராதீகக்கா. எங்கப்பா தாங்க மாட்டாரு" என்றார்.

எனக்குப் பாவமாகிவிட்டது. சொன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு, சொல்லாவிட்டால் கார்த்திக்குப் பெண் இல்லை. மூளையைக் கசக்கி ஒரு பொய் கண்டுபிடித்தேன். வெளியே வந்து, தப்பு எங்களுடையதுதான், நேற்றுச் சோதித்துப் பார்க்கும்போது கடை போனோடு சேர்ந்துவிட்டது, மறந்துவிட்டேன் என்று அறிவித்தேன். நல்ல பொய்தான், ஆனால் எனக்குள்ள அறிவு அவ்வளவுதான். அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அப்ப குட்டிப்பிசாசு உங்க கடைக்கா போன் பண்ணுச்சு? கடை போன் யாரு கையில இருக்கும்?"

கடை போன் முதலாளி கையில்தான் இருக்கும். பில் போடும் மேஜையில் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கண்ணாடியையும் கழற்றினார். "யாருங்க அது?" என்று மட்டும் கேட்டார். ஸ்பீக்கர்காரர் உடனே முதலாளியையும் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். இன்னும் நடக்காத ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றப் போய், இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்து முடிந்த ஒன்றையும் நான் கவுண்டரில் தூக்கி வைத்துவிட்டேன்.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தில் எனக்கு வேலையே வேண்டாம் என்று தோன்றியது.

வாட்ச் மறுபடி நடுங்கியது. அதே பெயர். யாரும் தொடவில்லை. அதுவரை எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த கார்த்தி எழுந்து வந்து, வாட்ச்சைக் கையில் எடுத்துப் பச்சையை அழுத்தினார். அந்த வாட்ச்சுக்கு அதன் அளவுக்கு மீறிய ஸ்பீக்கர். என் குரலுக்குச் சளைத்ததல்ல.

"டேய், போன எதுக்குடா கட் பண்ற? வாட்ச்ச வச்சு அங்க சண்டையாம்ல, படியில நிக்கிறவுக போன்ல சொன்னாக. பத்து நாளா நீதான் அந்த வாட்ச்ச கட்டிட்டுத் திரிஞ்சேன்னு அப்பாட்ட சொல்லிட்டியா இல்லியா? கட்டிக்கப் போற மனுசன் பாவம்டா. ரெண்டாவது போனு வச்சு இன்னொருத்திகிட்டப் பேசுற அளவுக்கு அவருக்கு எங்க தெறம இருக்கு? எங்கிட்டயே மூணு மாசமா 'சாப்டாச்சா'வுக்கு மேல பேச்சு வரல."

கார்த்தி வாட்ச்சை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நான்தான் பேசுறேன்" என்றார். அடுத்த நொடியே கட்டாகிவிட்டது.

படியில் நின்றவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். முதலாளியின் மனைவி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நானும் சிரித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று திரும்பினால், பெண்ணின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தாய்மாமன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கப்பா கூலிக்குப் போன வீட்டுல அவுக கழிச்ச சட்டையப் போட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எம்புள்ளைக்குச் செய்யிறதுல அப்பிடி ஒன்னு வந்துரக் கூடாதுன்னு நெனச்சேன். வந்துருச்சு. மன்னிச்சிருங்க."

சரவணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தாய்மாமன் நிமிர்ந்து உட்கார்ந்து, அதுதானே நான் அப்போதே சொன்னேன் என்பதுபோல வாயைத் திறந்தார். அவர் திறந்த வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அது வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தாலும் அந்த மனிதர் ஆயுசுக்கும் சம்பந்தி வீட்டில் நிமிர்ந்து உட்கார மாட்டார். இதற்கெல்லாம் காரணம் என் வாய் என்ற நினைப்பு என்னைப் பிடுங்கியது.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. முந்தின நாள் அவர் கொடுத்த புது போனில் வாட்ச்சின் ஆப்பை இறக்கப் பார்த்தேன், இடம் போதவில்லை என்றது. புது போனில் இடம் எப்படி நிறையும் என்று திறந்து பார்த்தால், முழுக்க வெங்காய மூட்டைகளின் படங்கள். நடுநடுவே ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள். மூட்டை மேல் சாய்ந்து நின்று தன்னைத்தானே எடுத்துக்கொண்ட தாய்மாமன்.

கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் காதுக்குப் பக்கத்தில் போய், என் வாழ்நாளில் பேசாத ஒரு சத்தத்தில் சொன்னேன். "அண்ணே, போன்ல நீங்க வெங்காயத்தோட நிக்கிற படம் நெறைய இருக்கு. அழிச்சிரவா, இருக்கட்டுமா?"

வாய் மூடிக்கொண்டது. என்னைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். அவரைப் பற்றி நான் குறைவாக நினைத்திருந்தேன் என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் எழுந்து, துண்டைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, படியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி பேசினார்.

"என்னத்த பழசு? மச்சான்காரன் பத்து நாளு கட்டிப் பாத்து, நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடுத்திருக்கான். நானும் போன மூணு வாரம் வச்சிருந்து, நல்லாப் பேசுதான்னு பாத்துட்டுத்தான் மருமகனுக்குக் குடுத்தேன். ஓட்டிப் பாக்காம மாடு வாங்குவோமா? துண்ட மொதல்ல தோள்ல போடுங்க."

நல்ல சீர் என்றால் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதுதான், அதுதான் அந்தக் காலத்து வழக்கம் என்று ஸ்பீக்கர்காரர் தீர்ப்புச் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எல்லோரும் தலையை ஆட்டினோம். சரவணன் தன் போனில் மூன்று இடத்தில் தட்டி வாட்ச்சை விடுவித்தார். ஒரு நிமிஷத்தில் அது கார்த்தியின் போனோடு சேர்ந்துகொண்டது.

நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை நான் சொன்னது உண்மை, ஊருக்கே கேட்டது, கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது. புதன்கிழமை முதலில் சொன்னது நல்லெண்ணத்தில் சொன்ன பொய், அது முதலாளி வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தது. உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். அது யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில் சொன்ன உண்மை. கவுண்டரில் ஒருவரிடம் பேசுவதற்கு முன் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். சாமானின் பெயரை முதலில் சொல்லுங்கள். ஜோடி, அத்துவிடுறது எல்லாம் பிறகு.

கடையை விட்டுக் கிளம்பும்போது கார்த்தி ஒரு காரியம் செய்தார். வாட்ச்சை எடுத்து மாமனார் கையில் கட்டினார். அவர் பதறிக் கையை இழுத்தார். "மச்சான் ஓட்டிப் பாத்தாச்சு. நீங்களும் ரெண்டு நாளு கட்டிப் பாருங்க மாமா. வெள்ளிக்கிழம ஒங்க கையிலருந்து கழத்தி நான் கட்டிக்கிறேன்" என்றார். பெண்ணிடம் மூன்று மாசமாகப் பேச்சு வராத பிள்ளை பேசியது இது. பெரியவர் அந்தக் கையை மடக்காமல், முன்னால் நீட்டியபடியே படி இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்திலிருந்து கார்த்தி கூப்பிட்டார். பின்னால் மேளச் சத்தம். மாமனார் வந்து பக்கத்தில் நின்றதும் வாட்ச்சில் இருந்ததெல்லாம் தன் போனில் ஏறிவிட்டது என்றார். எத்தனை அடி நடந்தார், எவ்வளவு நேரம் தூங்கினார் எல்லாம் அதில் வருமே.

"ரெண்டு ராத்திரியா தூக்கம் சைபர்னு காட்டுதுக்கா. வாட்ச் கெட்டுப்போச்சா?"

"இல்ல தம்பி" என்றேன், மெதுவாக. "பொண்ணப் பெத்தவரு கையில கட்டியிருக்கீகல்ல. வாட்ச் நல்லாத்தான் ஓடுது."